லேசாகத் தொட்டால் எழுத்து விழாது

ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கும் அந்தக் கணினிக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஈரச் சுவரும் தரை துடைக்கும் மருந்தும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் இயந்திரம் ஓடும்போது, இரும்புப் பெட்டியை யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும். அது நின்றதும் வரும் அமைதியில் காது அடைத்துக்கொள்ளும். மேசைமேல் மஞ்சளேறிய பழைய கணினி. அதற்குக் ‘கிழவர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“கிழவருக்குக் காது மந்தம். நல்லா அழுத்தி அடிங்க,” என்று சிரித்துவிட்டுப் போனார் ஸ்கேன் எடுக்கிறவர்.

மந்தம் என்றால் அப்படி ஒரு மந்தம். விசையைத் தட்டினால் எழுத்து வராது. விரலை வைத்து அமுக்கிப் பிடித்திருந்தால், போனால் போகிறது என்று ஒன்று விழும். டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அடித்து முடிக்கிற கை அவளுடையது. இங்கே ஒரு வரி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளியது. விரல் நுனிகள் எரிந்தன. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் வரவேற்பில் சத்தம் போட்டார்கள்.

“டைப்பிங் தெரியும்னுதானே சேந்த?” என்றார் டாக்டர். “இப்படியே போச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.”

வீட்டில் இப்போதைக்கு வேலை இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். தம்பி கணினி பழுது பார்க்கும் கடையில் அவ்வப்போது போய் நிற்பான். அவனை போனில் பிடித்தாள்.

“கண்ட்ரோல் பேனல்ல கீபோர்டுன்னு இருக்கும் பாரு. அதுல தாமதத்தைக் குறைச்சு வை, வேகத்தைக் கூட்டி வை.”

செய்தாள். ஒன்றும் மாறவில்லை.

“சும்மா ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம் எல்லாத்தையும் மூடுக்கா.”

“மூடிட்டேன்டா. சனியன், அசைய மாட்டேங்குது.”

“ஸ்லோ கீஸ் ஆன்ல இருக்கான்னு பாரு.”

இருந்தது. அதுவும் இருப்பதிலேயே மெதுவான அளவில்.

“கை நடுங்குறவங்களுக்காக வச்ச வசதி அது. லேசா படுறதை எல்லாம் மெஷின் கண்டுக்காது. அழுத்திப் பிடிச்சாதான் எழுத்து விழும். யாரோ வேணும்னே போட்டு வச்சிருக்காங்க.”

“எந்தப் புண்ணியவாளனோ,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்துவிட்டாள்.

கிழவருக்கு உயிர் வந்தது. விரல் பட்ட இடத்தில் எழுத்து முளைத்தது. தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்து டாக்டரின் மேசையில் வைத்தாள். பல நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி சாப்பாட்டு டப்பாவை மூடும்வரைதான்.

“என்னம்மா இது?” டாக்டர் ஒரு தாளை நீட்டினார். “‘மூன்றாவது எலும்பு இயல்பாக உள்ளது’ன்னு சொன்னேன். நீ ‘இயல்பாக எடுங்க உள்ளது’ன்னு அடிச்சிருக்க. எதை எடுக்கிறது?”

மற்றத் தாள்களிலும் இருந்தது. ஒன்றில் ‘வெளியே’. இன்னொன்றில் வெறும் ‘எஎஎடு’.

முகம் சிவக்கத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்து மறுபடி அடிக்க உட்கார்ந்தாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகத் திரையைப் பார்த்தே அடித்தாள். பாதியில், கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தாள்.

எழுத்துகள் நிற்கவில்லை.

‘வெவெளியே எடுஎடுங்க’

விசை ஏதாவது சிக்கியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விசைகள்மேல் பரப்பி வைத்தாள்.

கைக்கு அடியில் ஒரு விசை தாழ்ந்தது.

பிறகு இன்னொன்று. மெல்ல. தெம்பில்லாத விரல் தொடுவது போல.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டு வரவேற்புக்கு ஓடினாள். அவளுக்கு முன் அங்கே வேலை பார்த்த அக்காவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள்.

“ஸ்லோ கீஸ் போட்டு வச்சது நீங்களாக்கா?”



“அதை எடுத்துட்டியா?” குரல் தாழ்ந்திருந்தது. “ஸ்கேன் உள்ள படுக்கும்போது, முடியலைன்னா அமுக்கச் சொல்லி கையில ஒரு பெல் குடுப்பாங்க, பாத்திருப்ப. ஒரு அம்மா உள்ளயே இறந்து போயிட்டாங்க. பெல்லு அடிக்கவே இல்லைன்னாங்க. வெளிய எடுத்தப்ப அந்தம்மாவோட கட்டை விரல் பெல்லு மேலதான் இருந்துச்சு. அழுத்தத் தெம்பு இல்லை. லேசா, லேசா தொட்டுக்கிட்டே இருந்திருக்காங்க போல.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“மறுநாள்ல இருந்து எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. லேசா படுறதை எடுத்துக்காதேன்னு போட்டேன். நின்னுடுச்சு. நீயும் போட்டுடும்மா. வேலை வேணும்ல?”

வேலை வேண்டும். அறைக்குத் திரும்பி, திரையைப் பார்க்காமல் பார்த்து அதை மறுபடி போட்டாள். திரை அடங்கியது.

மறுநாள் பழைய கதைதான். வரிக்கு வரி எரிச்சல், டாக்டரின் ஏச்சு, வீங்கிய விரல்கள். ‘முதுகெலும்பில்’ என்ற சொல்லை முடித்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றிருந்தது.

எதிரே விசைகள் தாழ்ந்து எழுந்துகொண்டிருந்தன. ஒன்று மாற்றி ஒன்று. திரையில் எதுவும் விழவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் நின்றன.

பிறகு ஒரே ஒரு விசை கீழே போனது. நடுங்கியது. ஆனால் எழவில்லை.

திரையில் ‘வ’ விழுந்தது.

அடுத்த விசை கீழே போனது.