கைத்துணை

எங்கள் கிளினிக்கில் காலை வேலை கைகளைச் சூடாக்குவதில்தான் தொடங்கும். எங்கள் கைகளை அல்ல. நோயாளிகளுக்குக் கைத்துணையாக வந்தவர்களின் கைகளை. ஏசியில் சில்லிட்ட கை பட்டால் நோயாளி திடுக்கிடுவார். திடுக்கிட்டால் ஒளிக்கத்தி நின்றுவிடும்.

பல் பதிக்க ஈறைக் கிழிக்கிற கத்தியைத் தூத்துக்குடியில் இப்போது யாரும் பார்ப்பதில்லை. லேசர்தான். ரத்தம் இல்லை, தையல் இல்லை. மரத்துப்போன ஈறை அதற்கு அடையாளம் தெரியாது என்பதால் மரப்பு ஊசியும் இல்லை. வலி எறும்பு ஊர்கிற அளவுதான். ஆனால் நாடி எகிறினால் ஒளி தானாக அணையும். அதனால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு இதமான ஒருவர் உட்கார வேண்டும். சுவர்த் திரையில் நோயாளியின் அமைதி எண் ஓடும். நாளடைவில் ஊர் அதை அன்பின் எண்ணாக்கிவிட்டது. கல்யாணம் பேசுகிறவர்கள்கூட அதைக் கேட்கிறார்கள். "அது வெறும் நாடிக் கணக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சூசைமாணிக்கம், மகன் ரெக்சனோடு வந்தார். ரெக்சன் ஆழ்கடல் நிலையத்தில் பொறியாளர். ஆண்டுக்கு ஒருமுறைதான் கரையேறுவார். அப்பாவின் கையைப் பிடித்தார். ஒளி அணைந்தது. மறுபடி முயன்றோம். மறுபடியும் அணைந்தது.

ரெக்சனின் முகம் சுண்டிப்போயிற்று. "எங்கையப் பிடிச்சா அப்பாவுக்கு ஆகலையா டாக்டர்?"

அவர்கள் எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் வெளியே கஞ்சித் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். குழாயடியில் சூசைமாணிக்கத்தோடு தினமும் சண்டை போடுகிறவர். வேறு வழியில்லாமல் அவரை அழைத்தேன்.

"அண்ணாச்சி, தொறக்கச் சொன்னா மூடுவீரு, மூடச் சொன்னா தொறப்பீரு. இன்னைக்காவது சொன்னதக் கேளும்" என்று அவர் கையைப் பிடித்தார். எண் ஆடாமல் நின்றது. ஒளி ஈறைத் திறந்தது, பல்லைத் தாங்கும் திருகு இறங்கியது. ரெக்சன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவை நோக்கி நடந்தார்.

சூசைமாணிக்கம் வாய்க்கவ்வியைத் தானே கழற்றினார். "ஏல, எங்க போற? இவ கைய விட்டா எனக்கென்ன, நாளைக்குக் குழாயடியில நிப்பா. ஒன் கையப் பிடிச்சாத்தான், எப்ப விட்டுட்டுப் போயிருவியோன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது."

"கேட்டியா தம்பி, நான் போனாப் போறேனாம்!" என்றார் தங்கபுஷ்பம். கையை மட்டும் விடவில்லை.

ஈறை ஒட்டும் கடைசி ஒளி மட்டும்தான் மிச்சம். ரெக்சன் திரும்பி வந்து அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்தார். "திருகு மேல பல் மாட்ட மூணு மாசத்துல வரணும்லா? கரை வேலை கேட்டு வாங்குதேன்ப்பா. அதுக்கும் நாந்தான் கைத்துணை."

ஒளி அணைந்தது.

"இன்னுமா பயம்?" ரெக்சன் பதறினார்.

"பயமும் சந்தோஷமும் இந்தக் கருவிக்கு ஒன்றுதான்" என்றேன். சூசைமாணிக்கத்தின் காதோரம் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. லேசர் முனையைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் நாடி இறங்குவதற்காகக் காத்திருந்தேன். அவசரமில்லை. வெளியே அடுத்த நோயாளியின் மனைவி இன்னும் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் இருந்தார்.