மேசைக்கு அடியில் ஒரு மரண வாக்குமூலம்

மரம் பொய் சொல்லாது! மனிதன் மறைத்த குற்றத்தை மரம் ஒருநாள் உலகறியச் சொல்லும்!

உரும்பிராயில் பூர்வீக வீட்டைத் திருத்திக்கொண்டிருந்த லண்டன் சண்முகநாதன் இதை முகநூலில் போட்டார். மூன்று பேர் விரும்பினார்கள். அதில் ஒருவர் அவருடைய மனைவி.

மறுநாள் காலை பத்து மணி.

"ஐயோ!"

முற்றத்தில் அலறல்!

அலறியவர் தச்சுவேலைக் கிறிஸ்ரோபர். கொட்டிலில் கிடந்த பழைய முதிரை மரக் கதவொன்றைச் சாப்பாட்டு மேசையாக்கியிருந்தார். "என்ரை பேரனாரின்ரை படுக்கையறைக் கதவு!" என்று தாத்தாவின் பெருமையைச் சண்முகநாதன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மேற்பக்கம் மினுங்கியது. அடிப்பக்கப் பெயின்ரைத்தான் கிறிஸ்ரோபர் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பச்சைப் பெயின்ருக்குக் கீழே... ஆணியால் கீறிய எழுத்துகள்!

'என்னைப் பூட்டிவிட்டார்கள். சாகப்போகிறேன். இப்படிக்கு ச...'

"சுரண்டாதையும்! தடயம்!"

சண்முகநாதன் ஓடி வந்தார். கையில் கைப்பேசி. நேரலை தொடங்கிவிட்டது!

"ஆர் ஐயா இந்த ச?"

"அது தெரியாது. ஆனா பூட்டினது ஆரெண்டு தெரியும்!"

விரல் கிணற்றடிப் பக்கம் நீண்டது.

அங்கே குகதாசன். அறுபத்தேழு வயது. முப்பது வருடமாக இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்னறையில் இருப்பவர். போக வேறு இடமில்லை.

"சாவி முழுக்க உம்மடை கையிலைதானே இருந்தது!"

"தம்பி, அந்தக் கதவு..."

"வாயை மூடும்!"

பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் சிவரூபன் குனிந்தார். வாசித்தார். நெற்றி சுருங்கியது.

"உவரைக் கொண்டுபோங்கோ, சார்ஜன்ட்! பின்னறையும் எனக்கு உடனை தேவையாக் கிடக்கு."

"என்னத்துக்கு?"

"ஜிம் போட..."

சார்ஜன்ட் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு குகதாசனிடம் திரும்பினார்.

"அண்ணை, உடுப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஸ்ரேசனிலை கதைப்பம்."

"சேர், அந்தக் கதவு..."

"அங்கை வந்து சொல்லுங்கோ."

குகதாசன் ஒரு பையோடு வந்தார். முப்பது வருடமும் அதற்குள் அடங்கியிருந்தது.

"சேர்! ஒரு நிமிசம்!"

கிறிஸ்ரோபர் கதவின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ, தாழ்ப்பாள் இருந்த தடம். எழுத்துக் கிடக்கிற பக்கம்தான் தாழ்ப்பாளும். மற்றப் பக்கத்தை நான்தான் சீவினனான். அதிலை ஒரு ஆணித்துளைகூட இல்லை!"

"அப்ப பூட்டினது..?"

"உள்ளுக்கை இருந்தவரேதான்!"

"மிச்சத்தையும் சுரண்டும்!" என்றார் சார்ஜன்ட்.

கர்ர்ர்... கர்ர்ர்...

ச... ண்... மு...

'இப்படிக்கு சண்முகநாதன், ஐந்தாம் வகுப்பு.'



சார்ஜன்ட் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

"முறைப்பாட்டுக்காரர் நீங்கள். சாகப்போனவர் நீங்கள். பூட்டினதும் நீங்கள்! நான் ஆரைப் பிடிக்கிறது, ஐயா? அண்ணை, பையைக் கொண்டுபோய் உள்ளை வையுங்கோ."

"இப்பவாவது சொல்லவோ, தம்பி?" குகதாசன் மெல்லக் கேட்டார். "தாழ்ப்பாள் இறுகிப் போச்சுது. நீங்கள் குழறி அழுதியள். நான்தான் கூரை ஓட்டைப் பிரிச்சு இறங்கி உங்களைத் தூக்கினனான்."

"பேரனாரின்ரை படுக்கையறையிலையோ?" என்றார் சார்ஜன்ட்.

"இல்லை, சேர். பின்வளவுக் கக்கூசிலை."

நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விருப்பங்கள் நானூறைத் தாண்டின.

அன்று காலை சண்முகநாதன் அந்த மேசையில்தான் புட்டுச் சாப்பிட்டிருந்தார். சிந்தியதையும் பொறுக்கிச் சாப்பிட்டிருந்தார்.