பன்னிரண்டு ஜன்னலுக்கு ஒரு டிரில்

பராக்கின் உண்மையான பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் பராக்குதான். பல் தேய்க்கப் போனால், குழாயில் தொங்கும் துளி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். செருப்பு மாட்டப் போனால், எறும்பு வரிசையைப் பார்த்தபடி ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவளுடைய அப்பா திரைச்சீலை தைப்பவர். அம்மா அவற்றை மாட்டுபவர். ஏணியில் ஏறி, சுவரில் துளை போட்டு, கம்பியைப் பொருத்தி, திரையைத் தொங்கவிட்டு இறங்குவார்.

விடுமுறை நாட்களில் பராக்கும் கூடப் போவாள். டிரில்லின் நீண்ட வயர் ஏணிக்காலில் சிக்காமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை.

உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த வேலை அது. அம்மா மேலே துளை போடும்போது வயர் உள்ளங்கையில் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தை வைத்தே, டிரில் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். மேலிருந்து வெள்ளைத் தூள் மெல்ல மிதந்து வரும். வெயில் பட்டால் மின்னும். அதில் ஒரு தூளின்மேல் ஏறி, ஜன்னல் வழியாக வெளியே போய், மேகங்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். எங்கே போனாலும் கையிலுள்ள வயரை மட்டும் விடமாட்டாள்.

ஒரு புதன்கிழமை அம்மா மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தார்.

"நூலக வேலை நமக்குத்தான் கிடைச்சிருக்கு! பன்னிரண்டு ஜன்னல்!"

அப்பா தையல் மெஷினை நிறுத்தினார். "அடேங்கப்பா! அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"அவ்வளவு பெரிய ஹாலுக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதுவும் வாசல் பக்கத்துல. வயர் இல்லாத டிரில் ஒண்ணு வாங்கியே ஆகணும்."

"தாராளமா வாங்கு. அப்படியே கத்திரிக்கோல் மாட்ட எனக்கு ஒரு கொக்கி போட்டுக் கொடு. கேட்டு ஆறு மாசம் ஆச்சு. ஊர்ச் சுவரையெல்லாம் துளைக்கிற, நம்ம வீட்டுச் சுவர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அம்மா சிரித்தார். பராக்கு சிரிக்கவில்லை. 'வயர் இல்லாத' என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். வயர் இல்லையென்றால் அதைப் பிடிக்க ஆள் எதற்கு? அம்மா அவளை எதற்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்? இனி விடுமுறை முழுக்க வீட்டில் உட்கார்ந்து, கீழே விழுந்த ஊசிகளைப் பொறுக்க வேண்டியதுதான்.

மறுநாள் மாலை அம்மாவும் அவளும் கருவிகள் விற்கும் கடைக்குப் போனார்கள். கண்ணாடி அலமாரிக்குள் டிரில்கள் எல்லாம் ஒரே பக்கம் மூக்கை நீட்டிப் படுத்திருந்தன. பேட்டரி போட்டதும் விழித்துக்கொள்ளுமோ என்று பராக்கு நினைத்தாள்.

"வீட்டுக்கா, தொழிலுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்தான் அண்ணா. செங்கல் சுவரு. தினமும் ஓடணும். பாதியில காலை வாரிடக் கூடாது."

கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது குட்டியூண்டு. "மர அலமாரிக்கு, பொம்மை பழுது பார்க்க நல்லா இருக்கும். செங்கல்னா திணறும். அதோட பேட்டரியும் தனியாக் கிடைக்காது."

அம்மா அதை ஓரமாக நகர்த்தினார்.

அடுத்தது பெரியது. கடைக்காரர் அதைத் தூக்கும்போதே "ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது. இடித்து இடித்துத் துளைப்பதற்காக, அதன் கழுத்திலுள்ள வளையத்தைச் சுத்தியல் படத்துக்கு நேராகத் திருப்பினார். மேசைமேல் ஒரு செங்கல்லை வைத்தார். அம்மா குனிந்து அழுத்தியதும், டிரில் வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல் இறங்கியது.

அம்மாவின் கண்கள் விரிந்தன. "அம்மாடியோ!"

"ராட்சசன்! கடையிலேயே இதுதான் பலசாலி," என்றார் கடைக்காரர் பெருமையாக.

மூன்றாவது நடுத்தரமானது. அதுவும் செங்கல்லைத் துளைத்தது, ஆனால் நிதானமாக. இரண்டு பேட்டரிகள் அதோடு வந்தன. ஒன்று வேலை செய்யும்போது மற்றது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கெட்டுப்போனால் பக்கத்துத் தெருவிலேயே பழுது பார்ப்பார்களாம்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா வேகம் அதுலதான்," என்றார் அம்மா. அவர் கை பெரியதன் பக்கமே போனது.

பராக்கு வழக்கம்போல் வேறு எங்கோ போய்விட்டாள். அங்கே அவள் பார்த்தது நூலகத்தை. ஏணி உச்சியில் அம்மா. தலைக்கு மேலே தூக்கிய கையில் அந்த ராட்சசன். பழைய டிரில்லைப் பிடித்தாலே, மாலையில் அம்மா டம்ளரை இடது கையால்தான் எடுப்பார். இதைப் பிடித்தால்?

சட்டென்று இன்னொன்றும் தோன்றியது. பெரியதை வாங்கினால் அம்மாவால் தூக்க முடியாது. ஒரே வாரத்தில் பழைய டிரில்லை எடுத்துவிடுவார். கடன் வாங்கியாவது நீளமான வயரை இழுத்துக்கொண்டு போவார். அந்த வயரைப் பிடிக்க ஆள் வேண்டும்!

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவ்வளவுதான்.

பராக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். அம்மா வலது தோளை இடது கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டார். தேய்ப்பது அவருக்கே தெரியவில்லை.

பராக்குக்கு அழுகை வந்தது. வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"அம்மா, நீ மேசைமேல துளை போட மாட்டியே. ஏணி மேலதானே போடுவ? ஏணியில நின்னு பிடிச்சுப் பாரும்மா."

கடைக்காரர் பேனாவை நிறுத்தினார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல பாப்பா," என்று சிரித்தபடி, விற்பனைக்கு வைத்திருந்த ஏணி ஒன்றை விரித்துப் போட்டார்.

அம்மா ஏறினார். பெரிய டிரில்லைத் தலைக்கு மேலே தூக்கி, சுவரைத் தொடாமல் பிடித்தார். பராக்கு எண்ண ஆரம்பித்தாள். இருபதில் அம்மாவின் முழங்கை வளைந்தது. முப்பதில் டிரில்லின் மூக்கு காற்றில் வட்டம் போட்டது. நாற்பதில், "எடுத்துக்கோங்க அண்ணா, எடுத்துக்கோங்க!" என்று அம்மா கத்தினார்.

நடுத்தரமானதைப் பிடித்தபோது பராக்கு நூறு வரைக்கும் எண்ணினாள். மூக்கு அசையவே இல்லை.

"நல்லவேளை சொன்ன," என்றார் அம்மா, இறங்கி வந்து. "நான் பாட்டுக்கு வாங்கியிருப்பேன்."

பராக்கு தலையாட்டினாள். வீடு வரைக்கும் பெட்டியை அவள்தான் சுமந்தாள். அன்று இரவே அப்பாவின் கத்திரிக்கோலுக்குக் கொக்கி வந்துவிட்டது. அப்பா அதில் கத்திரிக்கோலை மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். பராக்குக்கு மட்டும் எதிலும் மனசு ஒட்டவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா கூப்பிட்டார். "கிளம்பலையா?"

"வயர்தான் இல்லையே. நான் எதுக்கு?"

"எதுக்கா? நீ வராம நான் எங்க போயிருக்கேன்? செருப்பைப் போடு. ரெண்டு காலுலயும்!"

நூலக ஹால் நீளமாக, அமைதியாக இருந்தது. உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் தரையில் பாய் விரித்திருந்தது. அம்மா ஏணியில் ஏறினார். பராக்குக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஏணிக்கடியில் நின்று பார்த்தாள். பிறகு வெயிலில் ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்து நடந்து, எதிர்ச்சுவர் வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்று திரும்பினாள்.

அம்மா வேலை செய்யும்போது அவரை இவ்வளவு தூரத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. வெளியே மரம், அதன்மேல் வானம், அதற்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி அம்மா. வானத்தைத் திறந்து மூட அம்மா ஒரு தாழ்ப்பாள் போடுவதுபோல் இருந்தது.

ஆனால் ஏதோ சரியில்லை.

"அம்மா, வலது பக்கம் இறங்கியிருக்கு!"

ஒரு காலைக் கீழே எடுத்து வைத்திருந்த அம்மா அப்படியே நின்றார். அது பழைய கட்டடம். ஜன்னல் சட்டமே கோணல். அளவு நாடாவை நம்பினால் கம்பியும் கோணலாகிவிடும். தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் அம்மா இறங்கப் போனார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நாலைந்து தடவை இறங்கி, பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி ஏறுவதுதான் வழக்கம்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

பராக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "ஒரு விரல் அளவு மேல போகணும். இன்னும். இன்னும் கொஞ்சூண்டு. போதும்!"

அம்மா பென்சிலால் குறி போட்டார். புது டிரில் உறுமியது. வெள்ளைத் தூள் வெயிலில் மிதந்தது. கம்பி ஏறியதும் அம்மா இறங்கி வந்து, பராக்கின் பக்கத்தில் நின்று பார்த்தார். கம்பி அவ்வளவு நேராக இருந்தது.

"ஒரே தடவைதான் இறங்கியிருக்கேன்!" என்றார் அம்மா, நம்ப முடியாமல். பிறகு பராக்கின் தலையில் கை வைத்தார். "இத்தனை நாள் உன்னை ஏணிக்கடியில கட்டிப்போட்டு வச்சிருந்தேனே. ஓடு, அடுத்த ஜன்னலுக்கு எதிர்ல போய் நில்லு. இன்னும் பதினொண்ணு இருக்கு."

பராக்கு இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினாள்.