காணாமல் போன மாலத்தீவு

"நாளைக்குக் காலையில போலீஸ் வருதுங்க. யார் பேரையாச்சும் நான் சொல்லியாகோணும்," என்று ஒரு பனியனைச் சாரதாமணியின் மேசையில் விரித்தார் நாச்சிமுத்து. முதலிபாளையத்தில் பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறை அவருடையது.

2002 ஜூன். இந்திய, பாகிஸ்தான் படைகள் எல்லையில் எதிரெதிரே நின்ற மாதம். வெளிநாட்டில் நடக்கவிருந்த தெற்காசியப் பாதுகாப்பு மாநாட்டுக்கான பனியன்கள் அவை; மார்பில் தெற்காசிய வரைபடம். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி திடுக்கிட்டார். காஷ்மீரின் வெளி எல்லைக்கோட்டையே காணோம்.

"ராபின்னு தெக்கத்திப் பையனுங்க. படத்துக்கு பிலிம் எடுத்தது அவன்தான். வெளிநாட்டு ரேடியோ வேற கேக்கறானாம்," என்றார் நாச்சிமுத்து.

ஏற்றுமதிச் சரக்கு ஏன் கெட்டது என்று கண்டு சொல்வது சாரதாமணியின் தொழில். அவளுடைய உதவியாளன் தீனதயாளன் நோட்டில் 'ரேடியோ' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். ஒரு கோடு போதுமோ என்று பிறகு யோசித்தான்.

பட்டறையில் மை டப்பாக்களுக்கு நடுவே ராபின் தனியே உட்கார்ந்திருந்தான். நான்கு நாளாக, அவனோடு ஒரே அறையில் தங்கும் நால்வரும் அவனோடு பேசவில்லை.

"எதுக்குப்பா அந்த ரேடியோ?" என்றான் தீனதயாளன்.

"எங்கண்ணன் பட்டாளத்துல எல்லையில நிக்கான் சார். லெட்டர் வந்து ரெண்டு மாசமாச்சு. நம்மாளு சொல்லாதத அவனுவளாவது சொல்லுவானுவளான்னு கேப்பேன்."

சாரதாமணி வாங்கிப் பார்த்த பிலிமில் எல்லை சரியாகவே இருந்தது. "மாட்டிக்கிட்டப்புறம் புதுசா எடுத்து வெச்சிருப்பானுங்க," என்றார் நாச்சிமுத்து.

சாரதாமணி பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தீனா, இதுல மாலத்தீவு எங்க?"

அவன் விரலால் தேடினான். "காணோமுங்க அக்கா. லட்சத்தீவும் இல்ல. அந்தமானும்..."

"காஷ்மீர அழிக்க ஒருத்தனுக்குக் காரணம் இருக்கலாம். மாலத்தீவு மேல யாருக்குக் கோபம்?" பிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள். "தகராறுள்ள எல்லைய மட்டும் புள்ளிக்கோடாப் போட்டிருக்காங்க. தீவுகளும் புள்ளி. காணாமப் போனது எல்லாமே புள்ளிங்க. பிலிமுக்கு அப்புறம் ஸ்க்ரீன் யார் கைக்குப் போகும்?"

பின்னறையில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை முன் ஒச்சம்மாள் ஒற்றையாக இருந்தாள். பிலிமிலிருந்து படம் ஏற்றிய வலைத்துணிச் சட்டம்தான் ஸ்க்ரீன்; படமுள்ள இடம் மட்டும் திறந்திருந்து மையை இறக்கும். தூசி விழுந்து அதில் உண்டாகும் வேண்டாத ஊசித்துளைகளைத் தூரிகையால் பசை தொட்டு அடைப்பது அவள் வேலை.

"ஓட்டை இருந்தா மை ஒழுகிப்போகும்ல தாயி. ஒண்ணு விடாம அடைச்சிட்டேன்," என்றாள் பெருமையாக.

"இது என்ன படம்னு யாரும் சொல்லலையா?"

"எங்கிட்ட யாரு பேசுவாக? பிரேமை வச்சிட்டுக் கதவச் சாத்திட்டுப் போயிருவாக."

சாரதாமணி ஈரத்துணியால் ஸ்க்ரீனைத் துடைத்தாள். பசை கரைந்தது. லட்சத்தீவில் வெளிச்சம் வந்தது, பிறகு மாலத்தீவில், கடைசியில் வடக்கு எல்லை நெடுகப் புள்ளி புள்ளியாக.

"பசைக்குக் கீழ புள்ளி இருக்குன்னா, ஸ்க்ரீன் எடுத்தது இந்த பிலிம்லதான். ராபின் மேல தப்பில்ல. சரி, முதல் பனியனப் பாத்து ஓகே சொன்னது யாருங்க?"

நாச்சிமுத்து குனிந்துகொண்டார். "நானுங்க. கலரு ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் பாத்தேன்."

"அப்ப போலீஸ்ல ஒச்சம்மா பேரும் வேண்டாம். பட்டறையோட தப்புன்னு எழுதித் தர்றேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

வெகுநேரம் பேனாவை உருட்டியபின் போட்டார். "நாளைக்கு வேலைக்கு வந்துரு கண்ணு," என்றார் ராபினிடம்.

ராபின் அவரைத் தாண்டிப் போனான். தீனதயாளனிடம் வந்தான். "அக்கா எழுதினதுல ஒரு காப்பி எடுத்துக்கிட்டு எங்க ரூமுக்கு வாங்க சார். நான் படிச்சா நம்ப மாட்டானுவ."

அறை வாசலில் நின்று தீனதயாளன் நிறுத்தி நிதானமாகப் படித்தான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நால்வரும் கேட்டார்கள்.

"மொதலாளி கையெழுத்துதானா?" என்றான் ஒருவன்.

"ஆமாங்க."

"சரி, நல்லது." சோற்றுப் பானையை எட்டிப் பார்த்து, "நாலு பேருக்குத்தான் வடிச்சோம்," என்றான்.

ராபின் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மூலைக்குப் போய், தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி களைந்தான்.