செம்புத் தகட்டைக் கெடுத்தது யார்?

பந்தய மோட்டாரின் செம்புத் தகடு மூன்றாவது தடவையும் கருகிப்போனது.

எஞ்சினின் இரும்பு மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் தகடு அது. உள்ளே எரியும் நெருப்பைக் கசியாமல் அடைத்து நிற்க வேண்டும். அது போனால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து களக்காடு வரை பந்தயம்.

“வே ஜேசுதாசன், இது தானாக் கெடல. ஒருத்தன் கெடுக்குதான்,” என்றார் வண்டியின் சொந்தக்காரர் தாணுமாலையன் பிள்ளை. அவர் கண் டிரைவர் கொம்பையா மேல் நின்றது.

கொம்பையா முன்பு பிள்ளையின் பந்தயக் காளைகளை ஓட்டியவர். மோட்டார் வந்ததும் காளைகள் விலைக்குப் போய்விட்டன. அந்தக் கோபத்தில் அவர்தான் மூடியின் மரைகளைத் தளர்த்துகிறார் என்று வீடு முழுக்கப் பேச்சு.

“இன்னொரு தடவை போகட்டும். அவன் வேலையும் போயிரும்,” என்றார் பிள்ளை.

மெக்கானிக் ஜேசுதாசனின் மகள் பாக்கியத்துக்கும் சந்தேகம்தான். ஆனால் தன் சந்தேகத்தின் மேலும் அவளுக்குச் சந்தேகம். பார்க்காமல் எப்படிச் சொல்வது?

அப்பா புதுத் தகடு வைத்து மூடியை முடுக்கியதும், ஒவ்வொரு மரையிலிருந்தும் மூடி வரை சுண்ணாம்புக் கோடு இழுத்தாள். மரை அசைந்தால் கோடு முறியும்.

கொம்பையா வெள்ளோட்டம் போய் வந்தார். எஞ்சின் ஓரத்தில் மெல்லப் புஸ்ஸென்றது. பாக்கியத்துக்கு மட்டும்தான் அது கேட்டது. குனிந்து பார்த்தாள். ஒரு கோடும் முறியவில்லை.

அப்புறம் கொம்பையா இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு குடத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தார். பாக்கியம் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். எஞ்சினிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

“என்ன மாமா செய்யுதிய?”

குடம் நழுவப் பார்த்தது. “யார்ட்டயும் சொல்லிராத தாயி, சிரிப்பானுவ. ஓடி வந்த மாட்டை ஆத்துல குளிப்பாட்டுவோம்லா? இதுவும் நமக்காகத்தான ஓடுது.”

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. உடனே அம்மாவின் தோசைக்கல் நினைவும் வந்தது. காய்ந்த கல்லில் தம்பி தண்ணீரைக் கொட்டியதும் அது வளைந்துபோனது. இப்போதெல்லாம் மாவு நடுவில் குளம் கட்டுகிறது.

அப்பாவிடம் சொல்லி மூடியைக் கழற்றி, கண்ணாடி மேல் கவிழ்க்கச் செய்தாள். இரண்டுக்கும் இடையே ஒரு காகிதத்தைச் செருகினாள். நடுவில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஓரங்களில் போகவில்லை. கண்ணாடிதான் கோணலோ? அதைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நடுவில்தான் போனது.

“மூடி வளைஞ்சிருக்குப்பா. எத்தனை தகடு வச்சாலும் இங்கன கசியும்.”

“வளைச்சது யாரு?” பின்னால் பிள்ளை நின்றார்.

கொம்பையாவே முன்னால் வந்தார். “நான்தான்யா. சுடச்சுடக் குளிப்பாட்டிட்டேன்.”

“காளைய வித்த கோவமா?”

“இல்ல ஐயா, பாசம்,” என்றாள் பாக்கியம். “வண்டி களைச்சிருக்கும்னு ஊத்தியிருக்காவ. வேற டிரைவர் வந்தா இப்படிப் பாத்துக்கிடுவாரா?”

பிள்ளையின் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

“மூடியத் தேய்ச்சுச் சமமாக்கும்வே, ஜேசுதாசன். சனிக்கிழமை கொம்பையாதான் ஓட்டுவான்.”

அவர் போனதும் கொம்பையா பாக்கியத்தின் பக்கம் குனிந்தார். “குளிப்பாட்டத்தான கூடாது? தட்டிக் குடுக்கலாம்லா?”

“தாராளமா குடுங்க மாமா.”

கொம்பையா வண்டியின் முகப்பில் கையை வைத்தார். “கேட்டியாலே? இனிமே ஆறின பொறவுதான் குளி.”