மலை காட்டும் முனை

தாயாரம்மாளின் கால் பூக்கூடையை நோக்கிப் போவதை வள்ளிநாயகி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'அத்தை, கூடை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கூடை சாய்ந்தது. காவடிக்கென்று விடியலில் வாங்கி வைத்த சாமந்தி முழுவதும் ஈர முற்றத்தில் சிதறியது.

"எவடீ வழியில கூடையை வெச்சது? குருடிதானே, விழுந்து சாவட்டும்னா? பெத்தவளுக்குத் தெரியாம புருஷன் கண்ணைத் தோண்டிக் குடுத்தவளுக்கு மாமியா கண்ணு எம்மாத்திரம்..!"

வள்ளிநாயகி குனிந்து பூவைப் பொறுக்கினாள். ஏழு வருஷமாக இதே பாட்டு. முன்பெல்லாம் கேட்டதும் அழுகை வரும். இப்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. காத்திருப்பவளின் குளிர்ச்சி.

திருத்தணி மலையடிவாரத்தில் அவர்களுடையது காவடிக் கடை. நேர்ந்துகொண்டு வருகிறவர்களுக்குப் பூவும் மயிலிறகும் கட்டி வாடகைக்குக் கொடுப்பார்கள். மூத்த மகன் ராஜவேலு இருந்தவரை, ஆடிக் கிருத்திகைக்கு வரும் பார்வையற்றவர்களைக் கைப்பிடித்துப் படியேற்றுவது அவன் வேலை. ஒருமுறை கண் முகாமுக்கு வந்த டாக்டரிடம் கண் தானத்தைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, "வள்ளி, நான் செத்தா என் கண்ணை எரிச்சுடாதீங்க. யாராவது மலையைப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னதுதான். சித்தூர் ரோட்டில் பஸ் மோதி, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவன் கண் மூடியபோது, வள்ளிநாயகி கணவனின் சொல்லைக் காப்பாற்றினாள். மாமியாரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாடையைத் தெருமுனையில் இறக்கி, மலைப் பக்கம் திருப்புவார்கள். வீட்டின் மூத்த பெண் கட்டைவிரலால் செத்தவரின் இமையைத் தூக்கி, கடைசியாக மலையைக் காட்டுவாள். மகனின் இமையைத் தூக்கிய தாயாரம்மாளின் கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளைப் பஞ்சு இருந்தது.

"ஐயோ, என் புள்ளை, என் நைனா மலையைப் பார்க்காம போறானே! பாவி, என்னா பண்ணிட்டடீ..!" என்று அன்று தெருவே கேட்க அலறியவள், வள்ளிநாயகி கணவனின் ஆசையைச் சொன்னபோது, "செத்தவன் மேல பழி போடறா பாரு" என்று காறித் துப்பினாள். அன்றிலிருந்து வள்ளிநாயகி காவடியைத் தொடக் கூடாது. பூ பொறுக்கலாம், கட்டக் கூடாது.

தாயாரம்மாளுக்குச் சின்ன வயதிலேயே அம்மையில் ஒரு கண் போயிருந்தது. போன தைப்பூச நெரிசலில் மயிலிறகின் கூரான காம்பு இன்னொரு கண்ணில் குத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நந்தியாவட்டைச் சாற்றைப் பிழிந்து பிழிந்து விட்டாள். புண் ஆறியபோது, கருவிழியின் மேல் பால் கொட்டினாற்போல் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

இளையவன் நாகேந்திரன் தெருவிலிருந்து ஓடி வந்தான்.

"அண்ணி, மருந்துக்கடைக்கு மெட்ராஸ்லேந்து போன் வந்துச்சு. அம்மா பேரை எழுதி வெச்சோமே, கண்ணு வந்துடுச்சாம்! இன்னிக்கே வரணுமாம், வெச்சுகினு இருக்க முடியாதாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டப் போறாங்கன்னுதான் சொல்லியிருக்கேன். செத்தவங்க கண்ணுன்னு தெரிஞ்சா வரமாட்டாங்க. நீங்க வாயைத் தொறக்காதீங்க."

"ஏழு வருஷமா தொறக்கலியே தம்பி" என்றாள் வள்ளிநாயகி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மாமியாரின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, உங்களுக்கு வெக்கப் போறது கண்ணாடி இல்லை. செத்துப்போன ஒருத்தரோட கண்ணு."

"அண்ணி!"

"நேத்தோ இன்னிக்கோ செத்திருப்பாரு. அவரு பொண்டாட்டியோ, பெத்தவளோ சரின்னு சொல்லியிருப்பா. நான் சொன்னேனே, அது மாதிரி. இந்நேரம் அவளை ஒருத்தி, கண்ணைத் தோண்டிக் குடுத்தவளேன்னு திட்டிகினு இருப்பா."

நாகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வேணாம்னா சொல்லிடுங்க அத்தை. வேற ஒருத்தருக்கு வெப்பாங்க, வீணாப் போவாது. ஆனா தெரியாம வாங்கிக்கக் கூடாது. குடுத்தவளுக்குப் பட்டப்பேரு... வாங்கிக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா? நான் விட மாட்டேன்."

தாயாரம்மாள் தரையைத் துழாவினாள். கையில் அகப்பட்ட ஒரு சாமந்தியைக் கசக்கினாள்.

"பழி வாங்கறியாடீ?"

"ஆங். வாங்கறேன்."

"...நாகேந்திரா, செருப்பை எடு. ரயிலுக்கு நேரமாவுது."

ரயில் அரக்கோணத்தைத் தாண்டியது. கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மணவூரில் வண்டி நின்றபோது, "மூஞ்சியைக் கிழிச்சா எடுக்கறாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

ராஜவேலு டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னதெல்லாம் வள்ளிநாயகிக்கு நினைவில் இருந்தது. "இல்லை அத்தை. இமை அப்படியே இருக்கும். உள்ள பஞ்சு வெச்சு மூடிடுவாங்க. உசிரு போன ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாத்தான் உண்டு. கைக்கடியாரத்துல முள்ளுக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கும் பாருங்க, அது மாதிரி கருவிழிக்கு மேல ஒரு தோலு. உங்க கடியாரம் ஓடிகினுதான் இருக்குது. கண்ணாடிதான் மங்கிடுச்சு. அந்த வட்டத்தை வெட்டி எடுத்துட்டு, அவரோடதை வெச்சு, மயிரை விட மெல்லிசு நூல்ல தைப்பாங்க."

"நம்ம ஒடம்பு ஏத்துக்குமா? அவன் என்னா சாதியோ, என்னா ரத்தமோ..."

"அந்தத் தோல்ல ரத்தமே ஓடாது அத்தை. அதனாலதான் யாரோடதும் யாருக்கும் பெரும்பாலும் ஒத்துக்குது."

"அப்போ என் நைனாவோடது..?"

"யாருக்கு வெச்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா யாருக்கோ வெச்சாங்க."

கிழவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே எதுவும் அவளுக்குத் தெரியாது என்பது வள்ளிநாயகிக்குத் தெரியும். ஆறுதலாய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரித்து, வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்ட பிறகே ஊருக்கு அனுப்பினார்கள். தையல் இன்னும் உள்ளே இருந்தது. பார்வை போகப் போகத்தான் தெளியும் என்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாகேந்திரனின் தோளைப் பிடித்தபடி, வள்ளிநாயகி பின்னால் வர, தாயாரம்மாள் தெருவுக்குள் நுழைந்தாள். முனை வந்ததும் கால்கள் தாமாக நின்றன. கண்ணாடியைக் கழற்றினாள்.

கலங்கலாக, தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல, மலை தெரிந்தது. படிகளின் வெள்ளைக் கோடு. அதில் அசையும் மஞ்சள் புள்ளிகள், காவடிகள்.

தெரு கூடிவிட்டது. அன்று பாடையைச் சுற்றி நின்ற அதே முகங்கள். எதிர்வீட்டுச் சுந்தரமூர்த்தி, "என்னா தாயாரம்மா, மலை தெரியுதா?" என்றார். அவள் விடுவிடுவென்று வீட்டை நோக்கி நடந்தாள்.

வள்ளிநாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? என்னை இங்க வெச்சுத்தானே திட்டினீங்க... சொல்லிட்டுப் போங்க."

"அண்ணி, தெருவுல வேணாம். வீட்டுக்குப் போயி..."

"தெருவுலதான் தம்பி. பாவின்னு கத்தினது தெருவுலதானே!"

தாயாரம்மாள் மலைப் பக்கம் திரும்பினாள். "என் நைனா... மலையைப் பார்க்காம போவலை..." என்றாள், தனக்கு மட்டும் கேட்கிறாற்போல.

"சத்தமா சொல்லுங்க அத்தை."

"என் புள்ளை மலையைப் பார்க்காம போவலைய்யா!" கிழவியின் குரல் உடைந்து தெருவெல்லாம் தெறித்தது. "எவன் மூஞ்சியிலயோ இருந்து பார்த்துகினு இருக்கான்! எவனோ என் மூஞ்சியில இருந்து பார்க்கிறானே, அது மாதிரி! இவ பாவி இல்லை... நாந்தான் பாவி! இனிமே இந்த முனையில எந்தப் பொணத்தோட இமையையும் எவளும் தூக்காதீங்க. மலை காட்டணும்னா, கண்ணைக் குடுத்து உசிரோட இருக்கறவங்களுக்குக் காட்டுங்க!"

சுந்தரமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

தாயாரம்மாள் மருமகளின் முகத்துக்கு மிக அருகில் வந்தாள். "காட்டுடீ உன் மூஞ்சியை. கண்ணு இருந்தப்போகூட பார்க்கலியே நான்..." கட்டைவிரல் உயர்ந்தது. அன்று பஞ்சைத் தொட்ட அதே விரல். அது வள்ளிநாயகியின் இமைக்குக் கீழே மெதுவாக ஓடி, கண்ணீரைத் துடைத்தது.

"நாளைக்கு ஆடிக் கிருத்திகை. மொதல் காவடியை நீ கட்டுடீ. போதுமா? ஆறிடுச்சா உனக்கு?"

வள்ளிநாயகி மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். பிடித்த மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

"நான் பாவி இல்லைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை" என்றாள்.