மிச்சமான தலைக்கவசம்

ஒரு மனிதத் தலையின் விலை நாலாயிரத்து முந்நூறு, வரி தனி. இருநூறு தலைக்கு மேல் எடுத்தால் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். வாங்க வருகிறவர்களிடம் முதலாளி இப்படித்தான் விலை சொல்வார். இருபத்துநாலு அடுக்கு இழைத்துணி, அடுக்குகளை ஒட்டவைக்கும் பிசின், அவற்றைச் சூட்டில் அழுத்தும் பிரஸ் ஓட மின்சாரம், கூலி, கழிவு, அதற்கு மேல் தன் லாபம் என்று கூட்டினால் குண்டு தாங்கும் தலைக்கவசம் ஒன்றுக்கு அந்தத் தொகை வரும். உள்ளே இருக்கப்போகும் தலையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வாங்குகிறவன் கொண்டுவருகிற சரக்கு என்பார்.

அப்படி இருநூற்று நாற்பது கவசங்கள் சோதனை அறை அலமாரிகளில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தன. விடுமுறை நாள், மதியம் இரண்டு மணி. தொழிற்சாலையில் அவளையும் வாசலில் வாட்ச்மேனையும் தவிர ஆளில்லை. ஐந்து மணிக்கு லாரி.

அவளுக்கு அங்கே சின்னக் காது என்று பெயர். கையில் ஒரு தேய்ந்த நாணயம். அதுதான் அவள் கருவி. ஒவ்வொரு கவசத்தையும் உச்சியில், நெற்றிப்பொட்டில், பிடரியில் என்று மூன்று இடத்தில் தட்டுவாள். அடுக்குகள் இறுகியிருந்தால் ணங் என்று பதில் வரும். உள்ளே ஓர் அடுக்கு விட்டுப்போயிருந்தால் தப் என்று செத்த ஓசை. ணங் என்றால் பேரேட்டில் ‘சரி’. தப் என்றால் ‘தள்ளு’. தள்ளியது ரம்பத்துக்குப் போகும். இரண்டாகப் பிளந்து, உள்ளே என்ன கோளாறு என்று பார்ப்பார்கள். பேரேட்டில் ஒருமுறை எழுதியதை யாரும் அடிக்கக்கூடாது.

அந்த நாணயம் அவளுக்கு முன்னால் ‘பெரிய காது’ என்று பெயர் வாங்கியவருடையது. முப்பது வருஷம் தட்டிய மனிதர். எட்டு மாதத்துக்கு முன், இதே போல ஒரு விடுமுறை நாளில், இதே அறைக்குள் இருநூற்று நாற்பது கவசங்களோடு போனார். கதவைத் திறந்தபோது நாணயமும் மூக்குக்கண்ணாடியும் மேஜையில் இருந்தன. ஆள் இல்லை. கவசங்களை எண்ணினால் இருநூற்று நாற்பத்தொன்று. சரக்கு குட்டி போட்டிருக்கிறது என்று முதலாளி சிரித்து, கூடுதலாக வந்ததை அலுவலக பீரோ மேல் எடுத்து வைத்தார். ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார் என்று வாசலில் வந்து நின்ற அவர் மனைவியிடம் மூன்று நாள் சொன்னார். நான்காம் நாள் அந்த அம்மாள் வரவில்லை.

காலையில் முதலாளி அவளிடம் எண்ணிக்கையைச் சொன்னபோது, முந்தாநாள் பிரஸ்ஸில் ஒன்று கருகியதே, அப்படியானால் இருநூற்று முப்பத்தொன்பதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் சட்டைப் பையில் அவளுடைய வேலை நிரந்தர உத்தரவு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாகிறது, மாசம் பிறந்ததும் வாடகை பாக்கியைக் கட்டிவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். ஆறு வயது மகளை ஐந்தரைக்கு வந்து அழைத்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள்.

“லாரி போனதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்மா. ஒண்ணு குறைஞ்சாலும் அந்த இடத்துல உன் தலையைத்தான் வைக்கணும், பாத்துக்க” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் வராமலிருக்க, கழித்துப்போட்ட இழைத்தகடுகளைச் சுவரிலும் கூரையிலும் அடுக்கடுக்காக ஒட்டி, மூலைகளைக்கூட உருட்டி மூடியிருந்தார்கள். சரக்கு களவு போகாமலிருக்கக் கதவை வெளியே பூட்டுவது வழக்கம். செல்போன் வாசலில் வாங்கி வைக்கப்படும். கதவுக்கும் மேஜைக்கும் எட்டுக் காலடி தூரம். சும்மா இருக்கும்போது அதை நடந்து நடந்து அவள் காலுக்கே மனப்பாடம்.

நூற்று எழுபத்துமூன்றாவது கவசத்தில் எண் புதிதாக எழுதப்பட்டிருந்தது. மற்றவற்றில் பெயின்ட் காய்ந்திருந்தது. இதில் விரலில் ஒட்டியது. விரலை முகர்ந்து பார்த்தாள். புது பெயின்டுக்கு அடியில் பீரோ மேல் கிடந்த பொருளின் தூசி நாற்றம். ஓகோ, எண்ணிக்கை இப்படித்தான் சரியானதா என்று நினைத்தபடி தட்டினாள்.

உச்சி, ணங். பொட்டு, ணங். பிடரி, ணங்.

நாணயத்தைக் கீழே வைத்தாள். அதன்பிறகு, உள்ளேயிருந்து, மூன்று தட்டு வந்தது. இரண்டு வேகமாக, ஒன்று சற்றுத் தாமதித்து.

அந்தத் தாமதம் அவளுக்குத் தெரியும். பிடரிக்குப் போகும்போது பெரிய காதுக்கு மணிக்கட்டு வலிக்கும். அதனால் மூன்றாவது தட்டு எப்போதும் கொஞ்சம் பிந்தும். பிரஸ்ஸிலிருந்து இறங்குவதை அவர் அவளுடைய துணி வெட்டும் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒருமுறை தட்டிப் பார்ப்பார்; ஒன்றரை வருஷம் அதைக் கேட்டிருக்கிறாள்.

தட்டினால் பதில் சொல்லும் கவசத்துக்குப் பேரேட்டில் இடம் இல்லை. சரி, தள்ளு, இரண்டே சொல்தான். தள்ளினால் ஒன்று குறையும். ஒன்று குறைந்தால் லாரி போகாது. லாரி போகாவிட்டால் காகிதம் பையிலேயே இருக்கும். ‘சரி’ என்று எழுதினாள். அவசரத்தில் கடைசி எழுத்தின் சுழி கோணியது. மிச்சத்தை ஓட்டமாகத் தட்டி முடித்தாள். இருநூற்று நாற்பதுக்கும் சரி போட்டு, இன்டர்காம் பொத்தானை அழுத்தினாள்.

“முடிஞ்சுது தம்பி, கதவைத் திற.”

“முதலாளி வந்து எண்ணாம திறக்கக்கூடாதுக்கா. நாலரைக்கு வர்றேன்னாரு. உள்ள ஃபேன் இருக்குல்ல, ஒரு தூக்கம் போடுங்க.”

மணி மூன்றே கால். பின்னால், அலமாரியில், இரண்டு தட்டு. பிறகு ஒன்று.

அவள் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு அடியில் அது விடாமல் வந்தது. கொடுத்த கடனைக் கேட்டு வந்தவன் கதவைத் தட்டுவது போல அவசரமே இல்லாமல், நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று தெரிந்த தட்டு. காதைப் பொத்திக்கொண்டால் மேஜை வழியாக முழங்கைக்கு வந்தது. கடைசியில் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“அண்ணே?”

ஒரு தட்டு.

“வலிக்குதா அண்ணே?”

ஒரு தட்டு. உடனே இன்னொன்று, இன்னொன்று, நிற்காமல், நகத்தால் பிறாண்டுவது போல.

“ரம்பத்துக்கு அனுப்பட்டுமா?”

சத்தம் நின்றது. நெடுநேரம் கழித்து ஒரே ஒரு தட்டு, மிக மெதுவாக.

அவள் பேரேட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்துக் கோணல் சுழியின் மேல் வைத்தாள். ஒரு கோடு இழுத்தால் போதும். ஐந்து மணி லாரி. ஐந்தரைக்கு மகள். மாசம் பிறந்தால் வாடகை. பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க அண்ணே. எழுதிட்டேன்.”

கவசம் அவள் கையில் குளிர்ந்துபோனது. அதன்பின் அது தட்டவில்லை.

அமைதி நன்றாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு சூடான பிசின் வாடை வந்தது. பிரஸ் ஓடும் நாளில் தொண்டையில் உட்காருமே, அதே கசப்பு இனிப்பு வாடை. இன்று பிரஸ் ஓடவில்லை. கதவுப் பக்கம் போய் நிற்கலாம் என்று எழுந்து நடந்தாள். ஆறாவது அடியில் கதவு வந்துவிட்டது.

தப்பாக எண்ணியிருப்பாள். மேஜைக்குத் திரும்பினாள். ஐந்து.

கதவில் அடித்தாள். சத்தம் எழும்பவில்லை, சுவர் அதை விழுங்கிக்கொண்டது. இன்டர்காமில் பேசினாள். அவள் குரலே அவள் காதில் திரும்ப வந்தது, மிகக் கிட்டத்தில். கூரையில் மின்விசிறி எங்கே? வழவழப்பான வளைவுதான் இருந்தது. மூலைகள் இல்லை. அலமாரி இல்லை. நான்கடி. மூன்று.

கையை நீட்டினாள். முழங்கை நிமிரவில்லை.

சூடு. மேலிருந்து ஓர் அழுத்தம். அடுக்கின் மேல் அடுக்கு. தோளில் இழை. கன்னத்தில் இழை. மகளின் பெயரைச் சொல்ல வாய் திறந்தாள். வாயில் பிசின்.

இறுகியது.

எவ்வளவு நேரமோ. எங்கோ வெகு தூரத்தில் பூட்டு திறந்தது.

“எங்கடா அந்தப் பொண்ணு?”

“வெளிய வரலைங்க முதலாளி. சாவி என்கிட்டதான் இருக்கு.”

காலடிகள் அலமாரி அலமாரியாக நடந்தன. முதலாளி வாய்விட்டு எண்ணுகிறவர். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினார்.

“இருநூத்து நாப்பத்தொண்ணு. மறுபடியும் குட்டி போட்டுடுச்சு.”

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. லாரியைப் பின்பக்கம் எடுக்கச் சொல்லி அவனை அனுப்பினார். பிறகு உலகம் சாய்ந்தது. எண் எழுதாத அவளை ஒரு கை தூக்கியிருந்தது. நாணயம் உச்சியில் விழுந்தது. இடி. பொட்டில். பிடரியில்.

அவளிடம் எது மிச்சமிருந்ததோ அதனால் திருப்பித் தட்டினாள். மூன்று. மறுபடி மூன்று.

முதலாளி கவசத்தைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். அவர் மூச்சு அவளுக்குக் கேட்டது. நகத்தால் ஒருமுறை, மெல்ல, சுண்டினார். அவள் ஒருமுறை தட்டினாள்.

சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுக்கும் சரசரப்பு. அது இரண்டாக, நான்காகக் கிழிந்தது. பேனா மூடி திறந்தது. எழுதுவதைச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம்.

“உள்ளே வந்தது இருநூத்து நாப்பது. லாரியில் ஏத்துறது இருநூத்து நாப்பது. மிச்சம் ஒண்ணு.” பேனா நின்றது. பிறகு இரண்டே எழுத்து. “சரி.”